யாழை மீட்ட அடிகள்

நாட்டின்மேல் வைத்த அன்பும் இறைவன்மேல் வைத்த அன்பும் இருவேறு பொருள்கள் என வகுத்து ஆராய்வது அறிஞர் வழக்கம். பாடும் மக்கள் அவ்வாறு வகுத்து அறியார். வன்னிப் பெருநிலத்தவராகிய எமக்கு இதனை நூல் காட்டி விளக்கவேண்டுவதில்லை. வற்றாப்பளையிலே வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும்போது பாடப்படுவது அம்மன் புகழே. ஆயினும் அப்பாட்டோடு மதுரை எரிந்த கதையும், கண்ணகி கடல் கடந்து வந்த கதையும், அவள் பத்தாவதாகத் தங்கிய இடம் என்று எம் முன்னோர் சொல்லிவந்த நந்திக்கடலோரத்து மண்ணின் கதையும் சேர்ந்தே வருகின்றன. சிலம்பு கூறலைக் கேட்டும், முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை விடியுமட்டும் இருந்து பார்த்தும் வளர்ந்தவர்கள், தாம் யார், தம் ஊர் எது என்பவற்றையும் அங்கேயே கற்றுக்கொண்டனர்.

அம்மண்ணை விட்டு மக்கள் வெளியேறவேண்டிய காலமும் வந்தது. 2009 ஆம் ஆண்டிலே அக்கரையிற் போர் முடிவுற்றபோது வீடும் தோட்டமும் ஏடும் புத்தகமும் இழந்தவர்களாகவே எம்மவர் முகாம்களுக்குச் சென்றனர். மீள வந்து குடியேறியோர் பொங்கலையும் மீளத் தொடங்கினர். தலையிலோ தோளிலோ சுமக்கவேண்டாத உடைமை பாட்டு ஒன்றே என்பதனை அன்று கண்டோம். அதுவும் எப்போதும் தப்பிவிடும் என்று எண்ணிவிடலாகாது. ஓரினத்தின் பாட்டு முழுவதுமாய் மறைந்துபோதலும் உண்டு. தமிழ் வரலாற்றிலேயே அது நிகழ்ந்திருக்கின்றது.

மறைந்துபோன அவ்விசையைத் தேடுவதிலே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரையே இவ்விழா மலரில் நினைவுகூர விரும்புகின்றோம். அவர் சுவாமி விபுலாநந்தர். வன்னியிற் பிறந்தவரல்லர். ஆயினும் அவர் பிறந்த காரைதீவும் கண்ணகை அம்மன் குடிகொண்ட ஊர். அவருடைய பேராராய்ச்சியும் கண்ணகி கதையினின்றே முளைத்தது. இந்துக் கல்லூரியொன்றின் அதிபராய் அவர் இருந்தமை இந்துக் கல்லூரிப் பழைய மாணவராகிய எமக்கு இன்னுமோர் உரிமையைத் தருகின்றது.

1892 ஆம் ஆண்டு மார்ச் 27 ஆம் நாள் சாமித்தம்பி என்பாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகப் பிறந்த குழந்தைக்கு மயில்வாகனன் என்று பெயரிட்டனர். அவ்வாண்டிலேயே சென்னையில் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. எனினும் பிற்காலத்தை அறிந்த எமக்கு அதனைச் சொல்லாமற் கடந்துபோக மனம் வரவில்லை. அந்நூலை ஏட்டிலிருந்து அச்சேற்றியவர் ஒருவர். அதனுள் அடைபட்டுக் கிடந்த இசையைத் திறக்க முயன்றவர் அவ்வாண்டிற் பிறந்த மற்றொருவர்.

கீழ்மாகாணத்துக் கரையிலே கண்ணகி வழிபாடு கோயிலுக்குள் அடங்கியதன்று. வைகாசியிலே கோயிற் கதவு திறந்தபின் கண்ணகி வழக்குரை நாள்தோறும் பாடப்படும். முடிவிலே அம்மனின் சினம் தணியக் குளிர்த்தி பாடப்படும். நோய் வந்தாலும் மழை பொய்த்தாலும் அப்பாட்டே மருந்து. சிலப்பதிகாரத்தைப் பண்டிதர் படிக்கும் காப்பியமாகக் கண்டறியுமுன்னர், தாயின் தெய்வமாகவும் ஊரின் காவலாகவும் கண்ணகியை மயில்வாகனனார் அறிந்திருந்தார். இவ்வேறுபாடு சிறிதன்று. நூலை அறிந்து தெய்வத்தை அடைந்தவர் அவரல்லர். தெய்வத்தை அறிந்து நூலுக்கு வந்தவர்.

இளமையில் ஊராசிரியரிடத்தே தமிழ் கற்றபின், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலம் பயின்றார். பதினாறாம் வயதில், 1908 ஆம் ஆண்டிலே, கேம்பிரிட்ச் சீனியர் தேர்வில் தேறினார். பின்னர் ஆசிரியத் தொழில் செய்து, கொழும்பு ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சியும் பெற்றார். 1916 ஆம் ஆண்டு அவருக்கு இரண்டு பேறுகளை ஒருங்கே தந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்வில் இலங்கையிலிருந்து முதன்முதல் தேறியவர் அவரே. அதே ஆண்டிற் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும் பெற்றார். தமிழ் படிப்பவனுக்குக் கணிதம் வேண்டாம், விஞ்ஞானம் படிப்பவனுக்குத் தமிழ் வேண்டாம் என்று பிள்ளைகளை இரு பட்டிகளிற் பிரித்து அடைக்கும் இக்காலத்தார் இவ்விரண்டு சான்றிதழ்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று. யாழ்நூலுக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

1917 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார். மெதடிஸ்தரிடத்தும் கத்தோலிக்கரிடத்தும் கற்று, கத்தோலிக்கர் கல்லூரியிலே கற்பித்து, சைவர் கல்லூரிக்குத் தலைமை தாங்கவந்தவர் அவர். தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையார் பிறர் சமயத்தை இகழ்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவரிடத்தில் ஒருபோதும் காணப்பட்டிலது.

இந்நாளிலே யாழ்ப்பாணத்திற்கு வந்த இராமகிருஷ்ண மடத்துச் சுவாமி சர்வானந்தரின் தொடர்பு அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. நல்ல ஊதியமும் நன்மதிப்பும் உள்ள அதிபர் பதவியை விட்டு, 1922 ஆம் ஆண்டில் மயிலாப்பூர் மடத்திற் சேர்ந்து பிரபோத சைதன்யர் என்னும் பெயரோடு பயின்றார். 1924 ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று, இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச்சீடராகிய சுவாமி சிவானந்தர் அவருக்குத் துறவு தந்து விபுலாநந்தர் எனப் பெயரிட்டார். துறவியானவர் தமிழையும் துறப்பாரென எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். மடத்தின் இராமகிருஷ்ண விஜயத்தையும் வேதாந்த கேசரியையும் நடத்தினார். மதுரைத் தமிழ்ச் சங்கத்து விழாவில் நாடகத்தைப் பற்றிப் பேசினார். சேக்ஸ்பியரின் நாடகங்களையும் தமிழ்க் கூத்திலக்கணத்தையும் ஒருங்குவைத்து ஆராய்ந்த அப்பேச்சே 1926 ஆம் ஆண்டில் மதங்க சூளாமணி என்னும் நூலாயிற்று.

இலங்கைக்குத் திரும்பியபின் அவர் செய்த கல்விப்பணியை விரித்தால் இக்கட்டுரை அதற்கே போதாது. திருகோணமலை இந்துக் கல்லூரியும் யாழ்ப்பாணம் வைத்தீசுவர வித்தியாலயமும் அவர் பராமரிப்பில் வளர்ந்தன. 1929 ஆம் ஆண்டு மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் வறியோருக்கும் உண்டியும் உறையுளும் கல்வியும் கிடைத்தல் வேண்டும் என்பதே அவருடைய முதற்கவலை. இதனைச் சமயத்தொண்டு என்பதா, நாட்டுத்தொண்டு என்பதா என்று கேட்டால் அவர் சிரித்திருப்பார் என நினைக்கின்றோம்.

1931 ஆம் ஆண்டில் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கே அவர் இருந்தது இரண்டாண்டு அளவே. அவ்விரண்டாண்டில் நிகழ்ந்தவற்றுள் ஒன்று எம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. 1921 இல் மறைந்த சுப்பிரமணிய பாரதியாரை அந்நாளைப் பண்டிதர் பலர் புலவராகவே எண்ணவில்லை. வழக்குச் சொல்லும் சிந்தும் கும்மியும் கலந்து பாடியவரை வகுப்பறைக்குள் விடலாமா என்று தயங்கினர். அரசினரோ மறுபுறத்தில் அஞ்சினர். 1928 ஆம் ஆண்டில் அவருடைய நூல்கள் சென்னை மாகாணத்திற் பறிமுதல் செய்யப்பட்டன. இவ்வாறு புலமையும் அதிகாரமும் ஒருசேர ஒதுக்கிய பாடல்களைக் காவியுடுத்த ஒரு தமிழ்ப் பேராசிரியர் பல்கலைக்கழகத்து மாணவர்க்குப் பாடியும் விளக்கியும் காட்டினார். பாரதியாரைக் கற்பதற்கென்று ஒரு கழகமும் அமைத்தார். பாரதியாரைப் போற்றுதல் இன்று எளிது. அன்று அதற்கு நெஞ்சுரம் வேண்டும். அருகிலிருந்த திருவேட்களத்திலே தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களின் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்ததும் இதே காலத்திலேதான். பாரதியாரின் பாட்டை வகுப்பறையிற் பாடியதோடு அவர் நின்றுவிடவில்லை.

அடிகள் பாரதியாரிடத்துக் கண்டது யாது? நாட்டைத் தாயாகவும், தாயைப் பராசக்தியாகவும் கண்டு பாடிய பாட்டிலே பத்திமை குறையவுமில்லை, நாட்டன்பு பொய்யாகவுமில்லை என்பதே. ஆழ்வார் நாயன்மார் பாடல்களிற் பழகிய செவிக்கு அப்பாட்டின் உருவம் புதிதன்று. உள்ளே புகுந்த பொருளே புதிது. வேதாந்தம் பயின்ற துறவிக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. பிழையாகத் தோன்றியது, அப்பாட்டைத் தமிழன்று என்றவர்களின் கூற்றே.

இவ்விடத்திலே தொலைவிலுள்ள ஒரு நாட்டை எடுத்துக்காட்டுதல் பொருந்தும். ஐரோப்பாவிலே போலந்து என்னும் நாட்டை உருசியா, பிரசியா, ஒஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளிற் கூறுபோட்டு விழுங்கின. 1918 வரை, 123 ஆண்டுகள், உலகப்படத்தில் அந்நாட்டுக்கு இடமில்லை. அரசு, படை, எல்லை யாவும் போனபின்னர் அம்மக்களைப் போலந்தினர் என நிறுத்திவைத்தவை மொழியும் கோயிலும் பாட்டுமே. கன்னி மரியாளை வேண்டும் மிகப் பழைய பாட்டொன்றைப் போர்க்களத்திற் பாடிய மரபினர் அவர்கள். 1797 இலே, தாயகம் இழந்து இத்தாலியிற் படைவீரராய் இருந்தோருக்காக யோசெப் விபிட்ஸ்கி எழுதிய நடைப்பாட்டே பிற்காலத்தில் அவர்களுடைய தேசிய கீதமாயிற்று. பெருங்கவிஞராகிய ஆதாம் மிட்ஸ்கியேவிச் 1834 இல் பாரிசிலே வெளியிட்ட காவியத்தின் தொடக்கத்திற் பிறந்த மண்ணையும் செஸ்டகோவாத் தேவமாதாவையும் அடுத்தடுத்து விளித்தார். அவர் மீண்டும் தம் மண்ணைக் காணாமலே 1855 இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் இறந்தார்.

அவர்களுடைய பாட்டுகளுள் எமக்கு மிகவும் வியப்பளிப்பது இன்னொன்று. 1816 ஆம் ஆண்டு பெலின்ஸ்கி என்பவர், அப்போது போலந்துக்கும் அரசராயிருந்த உருசிய மன்னரைக் காக்குமாறு கடவுளை வேண்டி ஒரு பாட்டு எழுதினார். மக்கள் அதன் வேண்டுதலை மாற்றிவிட்டனர். அரசரைக் காக்குமாறு கேட்ட அடி, இழந்த தாயகத்தைத் திருப்பித் தருமாறு கேட்கும் அடியாயிற்று. 1861 ஆம் ஆண்டளவில் வார்சோ நகரத்துத் தேவாலயங்களில் மக்கள் அதனைக் கண்ணீரோடு பாடினர். உருசிய அரசு அதனைத் தடைசெய்தது. கடவுளை நோக்கிப் பாடும் பாட்டுக்கு ஓர் அரசு அஞ்சியது என்றால், அப்பாட்டுக்குள் இருந்தது வழிபாடு மட்டுமன்று என்பதை அவ்வரசு நன்கறிந்திருந்தது என்பதே பொருள். சென்னையிற் பாரதியார் நூலைப் பறித்தவர்களும் அவ்வாறே அறிந்திருந்தனர்.

ஆயினும் போலந்தினருக்கும் எமக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அவர்களுக்கு நாடு போயிற்று, பாட்டு நின்றது. தமிழருக்கோ பாட்டின் சொல் நின்றது, இசை போயிற்று. சங்கநூல்களிற் பாணர் கையில் எங்கும் காணப்படும் யாழ் ஒன்றேனும் உயிரோடு எம் கைக்கு வந்து சேரவில்லை. மூவர் தேவாரத்துக்கு முன்பிருந்த பண்களின் பெயர் உண்டு; ஒலி இல்லை. வன்னிக்கு வடக்கே உள்ள பெருநகரம் யாழ்ப்பாணம் என்றே பெயர் பூண்டது. அங்கு வாழ்ந்தோருள்ளும் யாழைக் கேட்டவர் எவருமில்லை. திருஞானசம்பந்தர் பாடிய பண் யாழில் அடங்காமை கண்டு திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழை உடைக்கப் புகுந்தார் எனவும், பிள்ளையார் அதனைத் தடுத்தருளினார் எனவும் பெரியபுராணம் கூறும். அன்று தடுக்கப்பட்ட முறிவைக் காலம் செய்துமுடித்தது.

அடிகள் பாடிய பாடல்கள் எண்ணிக்கையிற் பல அல்ல. இளமையிற் பிள்ளையார்மீதும் முருகன்மீதும் பழைய பிரபந்த முறையிற் பாடினார். அவை கற்றோருக்கே இன்பம் தருவன. மில்ற்றன், கீற்ஸ் முதலிய ஆங்கிலப் புலவரின் கவியைத் தமிழிற் பெயர்த்தார். இமயத்திலிருந்தபோது, மறைந்த நண்பரொருவரை நினைந்து கங்கையில் விடுத்த ஓலையைப் பாடினார். இறைவனுக்கு உகந்த மலர் எது என வினவி, கைம்மலரையும் கண்மலரையும் உள்ளக்கமலத்தையும் காட்டும் ஈசன் உவக்கும் இன்மலர் என்னும் சிறு பாட்டு ஒன்றே பாமரர் வாய்க்கும் போய்ச் சேர்ந்தது. எம் கருத்தில் அவருடைய செய்யுட்களுள் நெடுநாள் நிற்பதும் அதுவே. மட்டக்களப்பு வாவியிலே நிலாக்காலத்திற் கேட்கும் இன்னொலியை நீரரமகளிர் இசையாக்கிப் பாடியதும் உண்டு. மற்றையோர் மீன் பாடுகின்றதென்று வேடிக்கை பார்த்த இடத்தில், அவர் சுரம் பிரித்துக் கேட்டார்.

அச்செவியே யாழ்நூலை ஆக்கியது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவியின் யாழாசிரியனது திறத்தைக் கூறும் இருபத்தைந்து அடிகள் உள. அவற்றையே வித்தாகக்கொண்டு பதினான்கு ஆண்டளவு ஆராய்ந்தார். அடியார்க்குநல்லாரின் உரை இதற்குப் பெருந்துணை. ஆனால் அவ்வுரை கானல்வரிக்குக் கிடைக்கவில்லை. அவர் கண்ட இசைநூல்கள் பலவும் பெயரளவிலேயே எஞ்சின. இத்துறையில் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை முன்னரே வெளியிட்டிருந்தார். ஒரு தானத்துக்குள் இருபத்துநான்கு சுருதி என்றார் பண்டிதர். அடிகள் உரையாசிரியர் கூறிய இருபத்திரண்டு என்னும் கணக்கையே நிலைநாட்டினார். முடிவில் வேறுபட்டாராயினும், பண்டிதர் வெட்டிய வழியிலேயே அடிகளும் நடந்தார் என்பதை மறத்தல் நன்றிகெட்ட செயலாகும்.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் முறையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என மாத்திரை கொடுத்தனர் பழையோர்; கூட்டினால் இருபத்திரண்டு. இது வெறும் சூத்திரமன்று. ஒரு நரம்பைப் பாதியாகக் குறைத்து மீட்டினால் அதே சுரம் ஒரு தானம் மேலே பிறக்கும்; மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி பிறக்கும்; நான்கில் மூன்று பங்காக்கினால் உழை பிறக்கும். இவ்விகிதங்களைக்கொண்டு ஏழு நரம்பின் நிலையையும் கணக்கிடலாம். குரலை விட்டு அடுத்த நரம்பை முதலாக வைத்தால் செம்பாலை வேறொரு பாலையாகத் திரியும். இவ்வாறே ஏழு பாலையும் பிறக்கும். கட்டிய நரம்பை அவிழ்க்காமலே ஏழு அளவை கிடைக்கும் இம்முறையைக் கணிதத்தாலே சரிபார்த்து, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் உருவத்தையும் உறுப்பையும் அடிகள் வரைந்து காட்டினார். அவர் சொற்படி யாழ்கள் செய்யப்பட்டு ஒலித்தன.

நூல் ஏழு இயல்களாக நடக்கின்றது. தேவாரவியல் என ஓரியலையே அவர் வகுத்தமை கருதத்தக்கது. பழந்தமிழ்ப் பண்கள் முழுவதும் அழியவில்லை, ஒரு பகுதியேனும் கோயிலில் ஓதுவார் நாவில் ஒதுங்கித் தப்பியது என்பது அவர் கண்ட உண்மை. அரசரின் அவையிலே மறைந்தது ஆலயத்திலே பிழைத்தது. போலந்தில் நிகழ்ந்ததற்கு இது எவ்வளவு அருகில் நிற்கின்றது பாருங்கள். நூல் எளிதில் வாசிக்கத்தக்கதன்று என்பதையும் சொல்லவேண்டும். கணிதம் அறியாத தமிழ்ப்புலவர் நடுவிலே நின்றுவிடுவர். பழந்தமிழ் அறியாத இசைவாணர் வாயிலிலேயே நின்றுவிடுவர். வாசித்து முடித்தவரைக் காட்டிலும் வாசித்ததாகச் சொல்பவரே மிகுதி.

இவ்வாராய்ச்சிக்காக அவர் தனியே இருந்துவிட்டாரல்லர். 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் கற்பிக்க இயலாதென்போருக்குச் சொற்களாலேயே விடை கூறினார். 1939 முதல் இமயச்சாரலில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரதத்தை நடத்தினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். இரண்டு நாடுகளில் இரண்டு பல்கலைக்கழகங்களின் முதற் தமிழ்ப் பேராசிரியர் என்னும் பெருமை அவருக்குரியது. உடலோ தளர்ந்துவந்தது.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் யாழ்நூலை அச்சிட்டனர். 1947 ஆம் ஆண்டு சூன் 5, 6 ஆம் நாள்களிலே, வைகாசித் திங்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. அவ்விடத்தின் பொருத்தத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆற்றில் வெள்ளம் பெருகி ஓடக்காரர் ஓடத்தை விட்டு நீங்கிய நாளிலே, திருஞானசம்பந்தர் அடியாரோடு அதில் ஏறிப் பதிகம் பாட, பாட்டே ஓடத்தை அக்கரை சேர்த்தது என்பது அவ்வூர் வரலாறு. அங்கே, பல நூற்றாண்டு கேளாதிருந்த யாழ்கள் ஊர்வலமாய்க் கொண்டுவரப்பட்டு மீட்டப்பட்டன. நோயுற்று மெலிந்திருந்த அடிகள் அதனைக் கண்ணாற் கண்டார், செவியாற் கேட்டார். இந்தியா விடுதலையடைவதற்கு இரண்டு திங்களும் சில நாள்களும் இருந்தன. இலங்கை விடுதலை பெறுவதற்கு எட்டுத் திங்கள் இருந்தன. இரண்டையும் அவர் காணவில்லை.

1947 ஆம் ஆண்டு சூலை 19 ஆம் நாள் கொழும்பில் அவர் மறைந்தார். அரங்கேற்றத்திலிருந்து எண்ணினால் ஆறு கிழமை. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுசென்று, சிவானந்த வித்தியாலயத்து வளவிலே அடக்கம் செய்தனர்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை மகிழ்ச்சியோடு மட்டும் எழுதிவிட முடியவில்லை. அரங்கேற்றத்தில் ஒலித்த யாழ் கச்சேரி மேடைக்கு வரவில்லை. கோயிற் திருவிழாக்களில் நாகசுரம் உண்டு, வீணை உண்டு, இப்போது மின்விசைக் கருவிகளும் உண்டு, யாழ் இல்லை. ஆராய்ச்சியாளர் சிலர் அவர் முடிவுகளை ஏற்றனர்; சிலர் மறுத்தனர்; பெரும்பாலோர் நூலைத் தொடவில்லை. மட்டக்களப்பிலே அவர் பெயரால் விளங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் இசையும் கூத்தும் கற்பிக்கின்றது என்பது ஆறுதல். அவர் காட்டிய பாலைத் திரிபைக் கையில் ஒரு கருவியோடு நாள்தோறும் பயிலும் மாணவர் எத்தனை பேர் என்று கேட்கும் உரிமை எமக்கு இல்லை. எம் வன்னிப் பாடசாலைகளிற் சிலம்பு கூறலை ஏட்டோடு ஒப்பிட்டு, அதன் மெட்டையும் சுரப்படுத்தி எழுதிவைக்கும் வேலையே இன்னும் முறையாகத் தொடங்கப்படவில்லை. அண்ணாவிமார் முதியோராகின்றனர். சிலர் இடப்பெயர்வின்போது இறந்தனர். அவர்களுடைய கூத்துக் கொப்பிகள் எங்கே போயின என்பதற்குச் சொல்வாரில்லை. முள்ளியவளையிலும் தண்ணீரூற்றிலும் குமுழமுனையிலும் எஞ்சியுள்ளவர்களிடம் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு செல்லப் பழைய மாணவருள் நால்வர் முன்வந்தால், வேண்டிய செலவை எம் சங்கத்தார் மறுக்கமாட்டார் என்றே நம்புகின்றோம்.

கல்லடியில் அடிகளின் சமாதி மரநிழலில் இருக்கின்றது. இறைவனுக்குரிய மலரைப் பற்றி அவர் பாடிய அச்சிறு பாட்டை அதன்மேற் பொறித்திருக்கின்றனர்.